சஹனுக்கு இன்னும் ஒரு ஆள்

786

இராயபுரம்,
9-7-1955, சனிக்கிழமை

அன்பு மகன் பஷீருக்கு,

உன் அத்தா கமாலுதீன் ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அம்மாவும் உன் தங்கை சாபிராவும் மேலுக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ அங்கே கோயம்புத்தூரில் வேளைக்குச் சாப்பிட்டு, இருமல் இல்லாமல் உறங்கி எழுந்திருக்கிறாய் என்ற செய்தி ஒன்றைத்தான் ஒவ்வொரு தபாலிலும் தேடுகிறோம். உன் அக்கா ரஹீமுன்னிசா ஆம்பூரில் சுகம். மாப்பிள்ளை போன வாரம் சரக்கு விஷயமாக வந்தவர் ஒரு வேளை இருந்து சாப்பிட்டுவிட்டுப் போனார், உன்னைப் பற்றிக் கேட்டார். இங்கே வெயில் இன்னும் இறங்கவில்லை, மேகம் மட்டும் கூடிக் கூடிக் கலைகிறது. நிலக்கரிக் கப்பல் வந்து நிற்பதால் உன் அம்மா மாடியில் துணி காயப்போட முடியாமல் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் என்னைத் திட்டுகிறாள்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்தது. அப்போது நம் இன்னாசி கட்டுமரத்துக்குக் கயிறு பார்த்துக்கொண்டிருந்தான். தபால்காரர் நீட்டியதும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்னா பாய், புள்ளையாண்டான் கடுதாசியா, நல்லாக் கீறாரா என்று கேட்டான். நான் பிரிப்பதற்கு முன்பே நன்றாக இருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். படித்த பிறகு கேட்டிருந்தால் அப்படிச் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய், அதை நம்புகிறேன். ஆனால் நீ தங்குவதற்குத் தேர்ந்தெடுத்திருக்கும் இடத்தைப் படித்ததும் எனக்குக் கயிறு நிறுக்கும் கை நின்றுவிட்டது. இன்னாசி தானே நிறுத்துக்கொண்டு போனான்.

நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். நடுவில் வேறு கல்லூரியிலிருந்து மாற்றிக்கொண்டு வந்தவன் என்பதால் உனக்கு நல்ல அறை எதுவும் மிச்சமில்லை. வார்டன் இரண்டு இடம் காட்டினார். ஒன்று ஆறு கட்டில் போட்ட கூடம், ஒரே ஜன்னல், பையன்கள் கதவைச் சாத்திக்கொண்டு சிகரெட் பிடிக்கிறார்கள். அது உன் நெஞ்சுக்கு ஆகாது, வேண்டாம் என்று தள்ளினாயே, நல்ல காரியம் செய்தாய். இன்னொன்று காம்பவுண்டு மூலையில் முன்பு சாமான் போட்டு வைத்திருந்த ஒற்றை அறை. வேப்பமரம், காற்று, அமைதி எல்லாம் இருக்கிறது, சாப்பாடு டிபன் காரியரில் வாசலுக்கே வந்துவிடும், யாரும் வர மாட்டார்கள். மூன்றாவது, கல்லூரிக்கு வெளியே கோட்டைமேட்டில் வியாபாரிகள் சேர்ந்து நடத்தும் முஸ்லிம் மாணவர் விடுதி. மாடி, நாலு பக்கமும் திறப்பு, தொழுகைக்கு வசதி, ஆனால் நாலு பேர் ஒரே தாம்பாளத்தில் சாப்பிடுகிற சஹன் சாப்பாடு. ஒரு சஹனில் ஒரு பையன் படிப்பை விட்டுப் போய்விட்டதால் மூன்று பேர்தான் இருக்கிறார்கள் என்றும், நாலாவது ஆளாக உன்னை வந்து உட்காரச் சொல்லி மேனேஜர் இரண்டு தடவை ஆள் அனுப்பினார் என்றும் எழுதியிருக்கிறாய். திங்கட்கிழமை வரைக்கும் யோசிக்க அவகாசம் கேட்டிருப்பதாகவும், ஆனால் ஒற்றை அறைதான் என்று மனதில் முடிவு செய்துவிட்டதாகவும், காரணம் படிப்புக்கு அமைதி வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய்.

பஷீர், நீ யாரிடம் அமைதிக் கதை சொல்கிறாய்? நம் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஹார்பர் கூட்ஸ் வண்டியைக் கோத்துக் கோத்துக் கழற்றுகிறார்கள். இந்தப் பக்கம் மீன் ஏலம். அந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து படித்து இன்டர்மீடியட்டில் முதல் வகுப்பு வாங்கினவன் நீ. சங்கு ஊதினால் கூட நிமிர்ந்து பார்க்க மாட்டாய். உனக்கா அமைதி வேண்டும்? உண்மைக் காரணத்தைக் கடிதத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதியிருக்கிறாய். சொன்னால் அவர்கள் எழுந்துவிடுவார்கள், சொல்லாமல் கை போட்டால் நான் அவர்களை ஏமாற்றினவன் ஆவேன், ஆகையால் யாருக்கும் தொந்தரவு இல்லாமல் இருந்துவிடுகிறேன் என்று. அந்த வரியைப் படித்துவிட்டுக் கடையைப் பாதியில் சாத்திக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன், பேசவில்லை. போதுங்க, அந்தப் புள்ளய இன்னொரு தபா எழுப்பி உட்டு வேடிக்க பாக்க வாணாம், தனியா இருந்தா இருந்துட்டுப் போவட்டும், சோறாவது நிம்மதியா எறங்கும் என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் எதை நினைத்துச் சொன்னாள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் அக்கா கல்யாணத்தை நினைத்துத்தான் சொன்னாள்.

அதைப் பற்றி நாம் இருவரும் இதுவரை ஒரு வார்த்தை பேசினதில்லை. இன்றைக்குப் பேசிவிடுகிறேன். நீ தாம்பரத்து க்ஷயரோக ஆஸ்பத்திரியிலிருந்து நல்லபடியாக வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஆசையாகப் பந்தலுக்குள் வந்து உட்கார்ந்தாய். உன் மாமா ஹுமாயூனும் இன்னும் இரண்டு சொந்தக்காரர்களும் அதே சஹனில். பிரியாணி வந்து இறங்கியதும் உன் மாமா கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்தான். பிறகு ஒருவர், பிறகு மற்றவர். ஒருவரும் திரும்பவில்லை. சோறு போடுகிறவனுக்கு விஷயம் தெரியாது, அவன் வழக்கப்படி சஹனுக்கு மூணு ஆளு வாங்க, மூணு ஆளு வாங்க என்று பந்தல் முழுக்கக் கேட்கும்படி கூவிக்கொண்டே இருந்தான். பந்தல் நிறைய ஆள் இருந்தது. யாரும் வரவில்லை. நான் வாசலில் மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துக்கொண்டிருந்தேன், உள்ளே வருவதற்குள் நீ சஹனை மூடி வைத்துவிட்டு எழுந்துவிட்டாய். அடுத்த வாரம் நீயே வண்ணாரப்பேட்டைக்குப் போய் நீல விளிம்பு போட்ட எனாமல் தட்டு ஒன்று வாங்கிக்கொண்டு வந்தாய். வெள்ளிக்கிழமை நாங்கள் சஹனில் உட்காரும்போது நீ பின்கட்டுப் படியில் அந்தத் தட்டோடு உட்கார்ந்தாய். கூப்பிட்டால் நான் அப்புறம் சாப்பிடுகிறேன் அத்தா என்பாய். இந்தக் கடற்காற்றும் கரிப்புகையும் ஆகாது, வறண்ட ஊராகப் பார்த்து மாற்றுங்கள் என்று டாக்டர் சொன்னபோது, எங்களை விட்டுப் போகிற துக்கம் உன் முகத்தில் இல்லை. தப்பித்தோம் என்றுதான் இருந்தது. அது எனக்குத் தெரியும்.

என் ஆசையை உன்மேல் திணிக்கக் கூடாது என்று நினைத்து, புதன்கிழமை பீச் ஸ்டேஷனில் ரயிலேறித் தாம்பரம் போனேன். உன்னைப் பார்த்த பெரிய டாக்டர்தான் இருந்தார். அவருக்கு சஹன் என்றால் தெரியவில்லை. ஒரு பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் குவித்து நடுவில் கறி வைத்து நாலு பேர் சுற்றி உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து கையால் எடுத்துச் சாப்பிடுவது என்று மேஜைமேல் விரலால் வட்டம் போட்டுக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். உன் கடைசி எக்ஸ்ரே படத்தையும் சளிப் பரிசோதனையையும் எடுத்துப் பார்த்தார். கிருமி இல்லை, புண் ஆறிவிட்டது, தழும்புதான் இருக்கிறது, உங்கள் மகன் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றார். உங்கள் வீட்டுப் பிள்ளையை அவன் பக்கத்தில் உட்கார வைப்பீர்களா என்று கேட்டுவிட்டேன். உன் அத்தாவின் வாய் உனக்குத் தெரியும். அவருக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, என் மகளையே உட்கார வைப்பேன் பாய், ஆனால் உங்கள் மகன் தன் பக்கத்தில் யாரையும் உட்கார விடுவாரா, எனக்கு அந்தக் கவலைதான் என்றார். மறுபடி இருமல் பிடித்தாலும், சாயங்காலத்தில் மேல் சுட்டாலும், எடை குறைந்தாலும் ஒரு நாள்கூடத் தள்ளாமல் அங்கேயே ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும், அது தெளியும்வரை தனியாகச் சாப்பிட வேண்டும், மற்றபடி மாத்திரையும் முட்டையும் பாலும் நிற்கக் கூடாது என்று சொல்லியனுப்பினார். வருஷத்துக்கு ஒரு தடவை படம் எடுத்தே தீர வேண்டுமாம்.

வியாழக்கிழமை தண்டையார்பேட்டையில் அத்தாவுல்லா புதுவீடு போன விருந்து. அவர் என்னோடு பாய்க் கடையில் ஒன்றாக வேலை பார்த்தவர், போகாமல் இருக்க முடியாது. நான் உட்கார்ந்த சஹனில் நாங்கள் மூன்று பேர். சோறு போடுகிறவன் இன்னும் ஒரு ஆளு, சஹனுக்கு ஒரு ஆளு என்று கூப்பிட்டான். யாரோ வந்து என் எதிரில் உட்கார்ந்தார்கள், நிமிர்ந்து பார்த்தால் உன் மாமா ஹுமாயூன். உன் அக்கா கல்யாணத்துக்குப் பிறகு நான் அவனோடு ஒரு சஹனில் உட்கார்ந்ததில்லை. எங்கே பார்த்தாலும் ஸலாம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். அன்றைக்கும் எழுந்திருக்கத் தொடையில் கையை ஊன்றிவிட்டேன் பஷீர். கை கழுவிவிட்டு வருகிறேன் என்ற வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. அவன் என்னைப் பார்த்தான், நான் என்ன செய்யப் போகிறேன் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது, முகம் வெளுத்துப் போயிற்று. நீ அன்றைக்கு அந்தப் பந்தலில் எப்படி இருந்திருப்பாய் என்று அந்த முகத்தில்தான் பார்த்தேன். ஊன்றின கையை எடுத்து பிஸ்மில்லா சொல்லிச் சோற்றில் வைத்தேன்.

பாதிச் சோற்றில் அவனே ஆரம்பித்தான். மச்சான், பஷீரு எப்டி கீறான், எப்ப வருவான் என்றான். கோயம்புத்தூரில் இடம் தேடிக்கொண்டிருக்கிறான், மனிதர்கள் இல்லாத இடமாகப் பார்க்கிறான் என்றேன். குத்திச் சொன்னதுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். நா பயந்துட்டேன் மச்சான், எங்க அண்ணன் அதுலதான பூட்டாரு, ரத்தமா கக்கினத நாந்தான் வாரிக் கொட்டினேன், அந்தக் கலீஜு நெனப்பு உடவே மாட்டேங்குது, அன்னிக்கு எழுந்து தெருக்கோடி வரிக்கும் நடந்துகினே போயிட்டேன், திரும்பி வர மூஞ்சி இல்ல என்று சொல்லிச் சோற்றுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான். உன் அம்மாவுக்கு ஒரு அண்ணன் இருந்து இறந்ததும், அந்தக் காலத்தில் அதற்கு ஊசியோ மருந்தோ கிடையாது என்பதும் எனக்குத் தெரிந்த விஷயந்தான். ஆனால் உன் மாமா அன்றைக்கு எழுந்துபோனதையும் அதையும் நான் சேர்த்து நினைத்ததே இல்லை. அவனை மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன், அது உன்னிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை. அவன் சொல்லச் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். பஷீரு வந்தா எங்கூட உக்காரச் சொல்லு மச்சான், நா எழுந்துக்க மாட்டேன் என்றான். வரும்போது உட்காருவதா வேண்டாமா என்பது உன் இஷ்டம்.

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நீ இரண்டு வழிதான் இருப்பதாக எழுதியிருக்கிறாய், சொல்லி அவமானப்படுவது, சொல்லாமல் ஏமாற்றுவது. இரண்டுக்கும் பயந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன் என்கிறாய். சொல்லாமல் உட்காருவது கூடவே கூடாது, அதில் நீ நினைப்பதுதான் சரி, உன்னை நினைத்து எனக்குப் பெருமைதான். ஆனால் சொல்லிவிட்டு உட்காரலாமே. சோறு வந்து இறங்கின பிறகு அல்ல. அதற்கு முன்னால், வேறு யாரும் இல்லாத நேரத்தில் அந்த மூன்று பையன்களையும் கூப்பிட்டு வைத்து, எனக்கு இப்படி ஒரு வியாதி இருந்தது, டாக்டர் தெளிந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார், உங்களுக்கு மனம் இருந்தால் உட்காருகிறேன் என்று சொல். மேனேஜரிடமும் அப்படியே சொல். டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். அவர்கள் வேண்டாம் என்றால் அந்தப் பிள்ளைகளைக் குற்றம் சொல்லாதே, அவர்கள் வீட்டில் யார் எப்படிச் செத்தார்கள் என்று நமக்குத் தெரியாது. ஸலாம் சொல்லிவிட்டு வேப்பமரத்து அறைக்கே போ, அதற்குமேல் நான் ஒரு வார்த்தை எழுத மாட்டேன். ஆனால் அவர்கள் வா என்று சொல்லக்கூடும், பஷீர். அதற்கு இடமே கொடுக்காமல் அவர்கள் சார்பிலும் நீயே இல்லை என்று சொல்லிக்கொள்கிறாயே, அது என்ன நியாயம்? நீ அவர்களை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அன்றைக்குப் பந்தலில் மூன்று பேர் எழுந்தார்கள். இன்றைக்கு நீயே எழுந்து போகிறாய், உன்னை யாரும் எழுப்பவில்லை.

தனியாக இருந்தால் பிழைக்க மாட்டாயா என்றால் பிழைப்பாய், நன்றாகப் படித்துப் பாஸும் செய்வாய். எனக்குப் பயம் அதுவல்ல. ஒற்றை அறை பழகிவிடும் என்பதுதான் பயம். படிப்பு முடிந்து வேலைக்குப் போனாலும் அதே போல் ஒரு அறை, ஒரு காரியர், கல்யாணப் பேச்சு எடுத்தால் வேண்டாம் என்று ஒரு கடிதம். உன்னை அந்த வியாதிக்குப் பறிகொடுத்துவிடுவோமோ என்று நானும் உன் அம்மாவும் நடுங்கிய நாட்கள் உண்டு. அல்லாஹ் திருப்பிக் கொடுத்தான். கொடுத்த பிள்ளையை ஒரு சாமான் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வர எனக்கு மனம் ஒப்பவில்லை. கோட்டைமேட்டிலிருந்து கல்லூரிக்கு நடை அதிகம் என்கிறாய், மூச்சு வாங்கினால் பஸ்ஸிலோ ஜட்காவிலோ போ, பஸ் காசுக்குக் கணக்குப் பார்க்காதே.

நேற்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்தேன், உன் அம்மா சஹனை இறக்கி வைத்தாள். நான், அவள், சாபிரா. டாக்டர் சொன்னதையும் உன் மாமா சொன்னதையும் அப்போதுதான் அவளிடம் விவரமாகச் சொன்னேன். சாப்பிட்டு முடிந்ததும் சாபிராதான், அத்தா இதப் பாருங்க என்று காட்டினாள். மூன்று பேரும் அவரவர் பக்கத்தைச் சாப்பிட்டு முடித்திருந்தோம். நாலாவது பக்கத்துச் சோறு கலையாமல் அப்படியே நின்றது. யாரும் சொல்லி வைத்துக்கொண்டு செய்யவில்லை. எத்தனை வெள்ளிக்கிழமையாக அப்படி மிஞ்சுகிறதோ, நான் கவனித்ததில்லை. உன் அம்மாவைக் கேட்டால், அளவு கொறக்கணும்னுதான் நெனக்கிறேன், கை வர மாட்டேங்குது என்றாள். அதற்குமேல் அங்கே உட்கார முடியாமல் எழுந்து வந்துவிட்டேன்.

பக்ரீத் மாதக் கடைசியில் வருகிறது. லீவு கொடுப்பார்கள், கொடுக்காவிட்டாலும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து சேர். ரஹீமுன்னிசாவும் மாப்பிள்ளையும் வருகிறார்கள். மேனேஜருக்குத் திங்கட்கிழமைதான் கெடு என்கிறாய், இந்தக் கடிதம் திங்கட்கிழமை காலையில் உன் கைக்கு வந்துவிடும் என்று நம்பி எக்ஸ்பிரஸ் தபாலில் போடுகிறேன். பிந்திப் போனால் இன்னும் ஒரு நாள் தவணை கேள், இரண்டு தடவை ஆள் அனுப்பினவர் மூன்றாவது தடவையும் பொறுப்பார். ஐவேளைத் தொழுகையை விடாதே, எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஈரத்தலையோடு காற்றில் நிற்காதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் தெளிந்த நெஞ்சையும் தரட்டும், உன் பக்கத்தில் உட்கார நல்ல மனிதர்களைத் தரட்டும், அவர்களுக்கு இடம் விடுகிற மனதை உனக்குத் தரட்டும். ஆமீன்.

உன் அன்பு அத்தா,
ம. கமாலுதீன்

மறக்காமல் எழுதச் சொல்லி உன் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். வரும்போது அந்த நீல விளிம்புத் தட்டைக் கையோடு கொண்டுவந்துவிட வேண்டுமாம். கோழிக்குத் தண்ணீர் வைக்கப் பாத்திரம் இல்லையாம்.